மூன்று பேரிங் மாற்றியும் ஆடுகிற சக்கரம்

வாசகர் கேள்வி:

ஐயா, திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் ஊர். அப்பா வாங்கிய எச்.எம்.டி. 3522 டிராக்டர் இன்னும் ஓடுகிறது. சொந்த நிலம் ஏழு ஏக்கர். மற்ற நாளில் வாடகைக்கு உழவு ஓட்டுகிறேன். இடது பக்க முன் சக்கரத்தில் போன சம்பாவிலிருந்து மூன்று முறை பேரிங் மாற்றிவிட்டேன். மாற்றிய பத்துப் பதினைந்து நாள் நன்றாக இருக்கிறது, அப்புறம் சக்கரம் ஆட ஆரம்பித்துவிடுகிறது. கடைசி முறை பேரிங்கின் வெளிவளையமான கப் கையோடு கழன்று வந்தது. சக்கரத்தின் நடுவில் பேரிங் உட்காருகிற ஹப்புக்குள் மெக்கானிக் கூர்முனை உளியால் புள்ளி புள்ளியாகப் பஞ்ச் அடித்து இறுக்கிப் போட்டார். இப்போது மறுபடியும் ஆட்டம். "ஹப் போய்விட்டது, இந்த வண்டிக்குப் புதுசு கிடைக்காது" என்கிறார். வெல்டிங் வைத்துக் கடைந்து தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். காயலான் கடையில் வேறு வண்டி ஹப் ஒன்று கிடக்கிறது, போல்ட் ஓட்டை பொருந்துகிறது. எதைச் செய்வது? வண்டியை விற்றுவிடு என்று வீட்டில் சொல்கிறார்கள். படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

தம்பி, நீங்கள் அனுப்பிய படங்களை இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள், பேரிங்கும் வேண்டாம், ஹப்பும் வேண்டாம். மூன்று முறையும் செத்தது பேரிங்தான், ஆனால் குறை பேரிங்கில் இல்லை. அது உட்காருகிற இடமும் அதைக் காக்கிற சீல் ஓடுகிற இடமும் கெட்டிருக்கின்றன. அந்த இரண்டையும் அளந்து பார்க்காமல் நாலாவது பேரிங் போட்டால் அதற்கும் பதினைந்து நாள்தான் ஆயுள்.

மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கப்பின் உள்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டதுபோல வரிசையாகக் கறுப்புக் கோடுகள் தெரிகின்றன. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரே இடைவெளி. ஒவ்வொரு கோடும் ஒரு ரோலர் நின்ற இடம். ஓடுகிற வண்டியில் இப்படிக் கோடு விழாது. கிரீஸில் தண்ணீர் கலந்திருக்கும்போது வண்டி நாள்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால்தான் விழும். ரோலரும் கப்பும் தொடுகிற மெல்லிய இடத்தில் ஈரம் தங்கித் துரு அரிக்கிறது. பிறகு நீங்கள் வண்டியை எடுத்து ஓட்டும்போது ஒவ்வொரு ரோலரும் அந்தக் கோட்டில் விழுந்து ஏறுகிறது. கொஞ்ச நாளில் அங்கே செதில் பெயர்கிறது. பெயர்ந்த செதில் கிரீஸோடு சேர்ந்து சுற்றி மற்ற இடத்தையும் அரைத்துவிடுகிறது. நாலாவது படத்தில் துணியில் வழித்து வைத்திருக்கிறீர்களே, அந்தக் கிரீஸ் மோர் நிறத்தில் இருக்கிறது. தண்ணீர் புகுந்ததற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

சரி, தண்ணீர் எப்படி உள்ளே போனது? இரண்டாவது படத்தில் ஹப் மாட்டுகிற குட்டை அச்சான ஸ்டப் ஆக்ஸில் இருக்கிறது. ஆயில் சீலின் ரப்பர் உதடு ஓடுகிற இடத்தில் மோதிரம் போட்ட விரலில் தழும்பு விழுந்ததுபோல ஒரு வளையம் தெரிகிறது. அந்த இடத்தை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துவிட்டு, விரல் நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தட்டி நின்றால் அது பள்ளம். சீலுக்குள் மாட்டிக்கொண்ட சேற்று மணல் வருடக்கணக்காக ஆக்ஸிலைத் தேய்த்து உண்டாக்கிய பள்ளம். எவ்வளவு நல்ல சீல் வாங்கிப் போட்டாலும் உதடு அந்தப் பள்ளத்துக்குள் தொங்கிக்கொண்டுதான் இருக்கும், அழுத்திப் பிடிக்காது. மூன்று முறை பேரிங் மாற்றியபோது மூன்று முறையும் புதுச் சீல் போட்டிருப்பார்கள். இந்தப் பள்ளத்தை யாரும் பார்க்கவில்லை.

தண்ணீர் புகுவதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது. நம் பக்கத்தில் எல்லோரும் செய்கிற காரியம் அது. நாலைந்து கிலோமீட்டர் தார் ரோட்டில் ஓட்டிக்கொண்டு போய், ஓடிய சூட்டோடு வயலில் இறக்குகிறோம். வேலை முடிந்ததும் வாய்க்காலில் விட்டுக் கழுவுகிறோம். ஓடி வந்த ஹப் சூடாக இருக்கும், உள்ளே இருக்கிற காற்றும் சூடாகி விரிந்திருக்கும். குளிர்ந்த தண்ணீரில் இறங்கிய உடனே அந்தக் காற்று சுருங்குகிறது. சுருங்கின இடத்தை நிரப்ப வெளியிலிருந்து எதையாவது இழுக்கத்தானே செய்யும்? சீல் உதட்டைத் தாண்டிச் சேற்றுத் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. ரோட்டிலிருந்து இறக்குவதற்கு முன்னால் வரப்போரத்தில் ஒரு கால் மணி நேரம் நிறுத்துங்கள். ஹப் மேல் கையை வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறட்டும். வாட்டர் சர்வீஸில் விடும்போதும் சீலைப் பார்த்து நேராகத் தண்ணீரைப் பீய்ச்ச விடாதீர்கள். முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கம் உப்பு ஏறிய நிலத்தில் உழப் போவீர்களானால் இதை இன்னும் கறாராகப் பாருங்கள். நல்ல தண்ணீர் அரிப்பதைவிட உப்புத் தண்ணீர் வேகமாக அரிக்கும்.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். கப் கையோடு வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் பட்டறைகளிலேயே ஒரு குழப்பம் உண்டு, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முன் சக்கரத்தில் ஹப் சுற்றுகிறது, ஆக்ஸில் சுற்றாமல் நிற்கிறது. பேரிங்கின் வெளிவளையமான கப், ஹப்போடு சேர்ந்து சுற்ற வேண்டியது. ஆகவே ஹப்புக்குள் அது அடித்து இறக்கினால்தான் போகிற அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். உள்ளே இருக்கிற கோன், அதாவது ரோலர்கள் கோத்த உள்வளையம், அப்படி இல்லை. அது ஆக்ஸில் மேல் கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகலாம். அப்படித்தான் செய்திருக்கிறார்கள். வண்டியின் பாரம் எப்போதும் ஆக்ஸிலின் அடிப்பக்கத்திலேயே விழுகிறது. கோன் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தால்தான் பாரம் அதன் ஒரே இடத்தில் விழாமல் சுற்றிலும் பகிர்ந்து விழும். நட்டை ஏற்றி இறக்கி ஆட்டம் வைப்பதற்கும் கோன் நகர வேண்டும். இது தெரியாமல், கோன் கையால் போகிறதே, லூஸாகிவிட்டதே என்று பயந்து ஆக்ஸிலில் பஞ்ச் அடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல ஆக்ஸில் அன்றைக்கே பாழ். கோன் உட்காருகிற இடத்தில் நகத்துக்குத் தட்டுகிற படி விழுந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். உங்கள் படத்தில் அப்படித் தெரியவில்லை. ஆனால் கப் கையோடு வந்தால் அது வேறு விஷயம். ஹப்பின் துளை விரிந்துவிட்டது என்று அர்த்தம்.

எவ்வளவு விரிந்திருக்கிறது என்று லேத் பட்டறையில் அளக்கச் சொல்லுங்கள். வெர்னியர் போதாது, துளையை அளக்கிற உள் மைக்ரோமீட்டரோ போர் கேஜோ வேண்டும். உதாரணத்துக்கு 30207 என்ற பேரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கப் வெளிவிட்டம் 72 மில்லிமீட்டர். ஹப் துளை 71.96-இலிருந்து 71.98 வரை இருந்தால் கப் கெட்டியாக உட்காரும். மில்லிமீட்டரில் நூறில் இரண்டிலிருந்து நாலு பங்கு, அதுதான் இத்தனைக்கும் ஆதாரம். துளையைக் குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை அளக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் துளை முட்டை வடிவத்துக்குப் போய்விட்டது.

பஞ்ச் அடித்தது ஏன் நிற்கவில்லை என்பதற்கு இப்போது பதில் சொல்லிவிடலாம். பஞ்ச் அடித்த இடத்தில் உலோகம் குருணை குருணையாக மேலே எழும்பும். கப் அந்தக் குருணைகளின் முனையில்தான் உட்கார்ந்திருக்கிறது. முழு வட்டமும் தாங்க வேண்டிய பாரத்தை நாற்பது ஐம்பது முனைகள் தாங்குகின்றன. பத்து நாள் ஓடினால் முனைகள் நசுங்கிவிடும், கப் மறுபடி சுற்ற ஆரம்பிக்கும். முனைகள் எல்லாம் ஒரே உயரத்தில் எழும்பாததால் கப் சாய்ந்தும் உட்காரும். சாய்ந்த கப்பில் ரோலரின் ஒரு ஓரம் மட்டும் பாரம் வாங்கும்.

நான் வேலை பழகிய காலத்தில், ஒரு பட்டறையில், பஞ்ச் அடிக்கத்தான் முதலில் சொல்லிக் கொடுத்தார்கள். நானே ஒரு ஹப்புக்கு அடித்தேன். நெருக்கமாக, அழகாக இருக்கிறது என்று மேஸ்திரி பாராட்டினார். மூன்றாம் வாரம் அந்த வண்டி கோட்டூர் ரோட்டில் போகும்போது ஹப் பிளந்து சக்கரம் கழன்று வயலுக்குள் ஓடிவிட்டது. ஓட்டியவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. பிளந்த ஹப்பைக் கொண்டுவந்து போட்டார்கள். விரிசல் எங்கே ஆரம்பித்திருந்தது தெரியுமா? நான் வரிசையாக அடித்த பஞ்ச் புள்ளிகளில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவிப் போயிருந்தது. அவரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். அதற்குப் பிறகு எந்த ஹப்பிலும் நான் பஞ்ச் வைத்ததில்லை. உங்கள் ஹப் ஏற்கெனவே பஞ்ச் வாங்கியிருக்கிறது. அதனால்தான் இப்போது சொல்லப் போகிற சோதனையைத் தவறாமல் செய்யச் சொல்கிறேன்.

ஹப்பை நன்றாகக் கழுவிக் காய வைத்து, கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியால் லேசாகத் தட்டுங்கள். கோயில் மணி மாதிரி இழுத்து ஒலித்தால் நல்லது. உடைந்த பானையைத் தட்டியதுபோல மொட்டையாகக் கேட்டால் எங்கோ விரிசல் இருக்கிறது. அப்புறம் மண்ணெண்ணெயைத் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டுச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைப் பூசி வையுங்கள். விரிசலுக்குள் போன மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளைத் தூளில் ஒரு ஈரக் கோடாக எழுந்து வரும். பஞ்ச் அடித்த இடம், போல்ட் ஓட்டைகளைச் சுற்றிய இடம், சக்கரம் போல்ட் ஆகிற தட்டான ஃபிளான்ஜின் கழுத்து, இந்த மூன்றையும் வெயிலில் வைத்துப் பாருங்கள். கோடு வந்தால் அந்த ஹப்புக்கு ரிப்பேர் கிடையாது. இன்னும் நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால் திருச்சி துவாக்குடிப் பக்கம் போங்கள். பெல் நிறுவனத்துக்கு வேலை செய்து கொடுக்கிற பட்டறைகள் அங்கே நிறைய. வெல்டிங்கைச் சோதிக்கிற சிவப்புச் சாய முறை அவர்களுக்கு அன்றாடப் பழக்கம்.

விரிசல் இல்லையென்றால் சந்தோஷம். உங்கள் ஹப்பைக் காப்பாற்றிவிடலாம். வழி, ஸ்லீவ் போடுவதுதான். துளையைப் பெரிதாகக் கடைந்து, ஒரு எஃகு வளையத்தை இறுக்கமாக ஏற்றி, அந்த வளையத்துக்குள் கப்புக்கு வேண்டிய அளவில் மறுபடி கடைவது. லேத்காரரிடம் இதை மட்டும் சொன்னால் போதாது, எப்படிச் செய்ய வேண்டும் என்றும் பேசிக்கொள்ளுங்கள். வளையத்தின் கனம் மூன்று நான்கு மில்லிமீட்டராவது இருக்க வேண்டும், தகடு மாதிரி மெல்லிசாகப் போட்டால் அது கப்போடு சேர்ந்து சுற்றும். அவ்வளவு கடைந்த பிறகும் ஹப்பின் சுவரில் போதிய கனம் மிஞ்சுகிறதா என்று முன்னாலேயே பார்த்துவிட வேண்டும். வளையத்துக்கு இ.என்.8 எஃகு நல்லது. வளையம் துளையைவிட 0.05 மில்லிமீட்டர் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். ஹப்பைச் சீராகச் சூடாக்கி வளையத்தை உள்ளே விட்டால் ஆறும்போது கவ்விப் பிடிக்கும்.

முக்கியமானது அடுத்து வருகிறது. வளையத்துக்குள் கடைசி அளவைக் கடைவது அது ஹப்புக்குள் ஏறி ஆறிய பிறகுதான் நடக்க வேண்டும். உள் பேரிங், வெளி பேரிங் இரண்டின் இருக்கையையும் ஹப்பைக் கழற்றாமல் ஒரே பிடியில் கடைய வேண்டும். ஒரு பக்கம் கடைந்துவிட்டுத் திருப்பிப் பிடித்து மறுபக்கம் கடைந்தால் இரண்டு துளையும் ஒரே நேர்கோட்டில் இருக்காது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பேரிங்குக்குத் தெரியும். இதைச் சொன்னதும் முகம் சுளிக்கிற லேத்காரரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். மன்னார்குடியிலும் கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் இதைப் புரிந்து செய்கிற கைகள் இருக்கின்றன. போர்வெல் மோட்டார் வேலையும் லாரி வேலையும் செய்கிற லேத்தாகப் பார்த்துப் போங்கள்.

சில சமயம் துளை வட்டம் கெடாமல் மில்லிமீட்டரில் நூறில் இரண்டு மூன்று பங்கு மட்டும் விரிந்திருக்கும். அப்போது லாக்டைட் மாதிரி பேரிங் பிடிக்கிற பசை போதும், எண்ணெய்ப் பசை துளிகூட இல்லாமல் கழுவிப் போட்டால் நன்றாகவே பிடிக்கும். பஞ்ச் வாங்கிய உங்கள் ஹப்புக்கு அது உதவாது.

வெல்டிங் வைத்துக் கடைவதைப் பற்றிக் கேட்டீர்கள். ஹப் எந்த உலோகம் என்று பாருங்கள். ஒரு ஓரத்தில் லேசாக ட்ரில் வைத்தால் தெரிந்துவிடும். கறுப்புத் தூளாக, துணுக்காக விழுந்தால் வார்ப்பிரும்பு. சுருள் சுருளாக வந்தால் எஃகு. டிராக்டர் முன் ஹப்புகள் பெரும்பாலும் வார்ப்பு. வார்ப்பிரும்பில் சாதாரண வெல்டிங் ராடு வைத்தால், வைத்த இடத்தை ஒட்டிக் கண்ணாடி மாதிரி கடினமாகி, ஆறும்போதே 'டிக்' என்று விரிசல் விடும். நிக்கல் ராடு வைத்து, முழு ஹப்பையும் முன்கூட்டிச் சூடாக்கி, மணலுக்குள்ளோ சாம்பலுக்குள்ளோ புதைத்து மெல்ல ஆற விட்டுச் செய்கிறவர்கள் உண்டு. அவ்வளவு கவனமாகச் செய்தாலும், சக்கரம் தாங்குகிற ஹப்பில் நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன், ஸ்லீவ் வழி இருக்கும்போது அது தேவையும் இல்லை. ஸ்டப் ஆக்ஸிலில் மட்டும் யார் சொன்னாலும் வெல்டிங் வைக்க விடாதீர்கள். ஆக்ஸில் பருமன் மாறுகிற முக்கில்தான் பாரத்தின் வலி முழுக்க விழுகிறது. அந்த இடத்தில் வெல்டிங் சூடு பட்டால் உள்ளே விரிசல் பிறந்து, ஒரு நாள் ரோட்டில் பட்டென்று முறியும். கோன் இருக்கை தேய்ந்த ஆக்ஸிலுக்கு மாற்று ஆக்ஸில்தான் மருந்து.

சீல் ஓடுகிற பள்ளத்துக்கு இரண்டு வழி இருக்கிறது. செலவில்லாத வழி, சீலைப் பழைய இடத்திலிருந்து இரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைப்பது. ஹப்புக்குள் சீலுக்குப் பின்னால் ஒரு மெல்லிய வளையம் வைத்தால் உதடு பள்ளத்தை விட்டுத் தள்ளிப் புது இடத்தில் ஓடும். இடம் இருக்கிறதா என்று பார்த்துச் செய்யுங்கள். இடமில்லையென்றால் ஸ்பீடி ஸ்லீவ் என்று எஸ்.கே.எஃப். விற்கிறது. கால் மில்லிமீட்டர் கனத்தில் ஒரு வழவழப்பான எஃகு உறை. ஆக்ஸில் மேல் தட்டி ஏற்றினால் பள்ளத்தை மூடிவிடும். கனம் அவ்வளவு குறைவானதால் சீலின் அளவை மாற்ற வேண்டியதில்லை. பெரிய பேரிங் கடைகளில் விட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள். சீல் வாங்கும்போது உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழைய சீல் முகத்திலேயே மூன்று எண்ணும் அச்சிட்டிருக்கும். சேற்றில் இறங்குகிற வண்டிக்கு இரண்டு உதடு உள்ள சீலாகக் கேளுங்கள். ஸ்பிரிங் உள்ள உதடு கிரீஸைக் காக்கும், வெளி உதடு மண்ணைத் தடுக்கும். மாட்டுவதற்கு முன் உதட்டில் கிரீஸ் தடவுங்கள், காய்ந்த உதடு முதல் சுற்றிலேயே கருகும்.

புது ஹப் கிடைக்குமா என்பது பற்றி. செக் நாட்டு ஜெட்டர் நிறுவனத்தோடு சேர்ந்து ஹரியானா பிஞ்சோரில் 1971-இல் தொடங்கியது எச்.எம்.டி. டிராக்டர். அந்தப் பிரிவை மூட மத்திய அரசு 2016-இல் முடிவெடுத்துவிட்டது. ஆகவே கம்பெனி சாமான் என்று யாராவது புதிதாகச் செய்து தருவார்கள் என எதிர்பார்க்க வேண்டாம், எங்காவது பழைய கடையில் மிச்ச இருப்பு இருந்தால்தான் உண்டு. ஆனால் வடக்கே இந்த வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. பஞ்சாப் லூதியானா பக்கம் டிராக்டர் சாமான் செய்கிற சிறு பட்டறைகள் ஏராளம், அங்கிருந்து தருவித்துக் கொடுக்கிற கடைக்காரர்கள் திருச்சியிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். கேட்கும்போது மாடல் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். ஒரே மாடலிலேயே வருடத்துக்கு வருடம் முன் ஆக்ஸில் மாறியிருக்கலாம். ஒரு காகிதத்தில் ஹப்பை வரைந்து, இரண்டு கப் இருக்கைகளின் விட்டம், இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம், சீல் துளையின் விட்டம், போல்ட் எத்தனை, எதிரெதிர் போல்ட்டின் மையத்துக்கு மையம் எவ்வளவு, ஃபிளான்ஜ் எந்த இடத்தில் நிற்கிறது, எல்லாம் எழுதிப் படம் எடுத்து அனுப்புங்கள். திருப்பி எடுத்துக்கொள்வதாக ஒத்துக்கொண்டால் மட்டும் பணம் கட்டுங்கள்.

காயலான் கடையில் இருக்கிற வேறு வண்டி ஹப்பையும் இதே அளவுகளை வைத்துத்தான் பார்க்க வேண்டும். போல்ட் ஓட்டை பொருந்துகிறது என்றால் சக்கரம் மாட்டலாம் என்று மட்டும்தான் அர்த்தம். உள்ளே இரண்டு பேரிங்குக்கும் நடுவே உள்ள தூரம் மூன்று மில்லிமீட்டர் மாறினாலும் நட்டு தன் இடத்தில் உட்காராது. ஃபிளான்ஜ் தள்ளி நின்றால் சக்கரம் ஒரு பக்கம் வெளியே துருத்தி நின்று, ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கும், முன் சக்கரம் திரும்புகிற முளையான கிங் பின்னும் சீக்கிரம் தேயும். எல்லா அளவும் பொருந்தினால், விரிசல் சோதனையில் தேறினால், தாராளமாக வாங்குங்கள். பழையது என்பது ஒரு குறை இல்லை. சென்னை புதுப்பேட்டையிலும் இதே மாதிரி தேடலாம், ஆனால் ஹப்பைக் கையோடு கொண்டு போங்கள்.

ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் வழி அடைத்துவிடவில்லை. இ.என்.8 உருளையிலிருந்து முழு ஹப்பையும் கடைந்து எடுத்துவிடலாம். எடை கூடும், கூலி கூடும், ஆனால் உழைக்கும். உங்கள் சுற்று வட்டாரத்தில் அதே வண்டி வைத்திருப்பவர்கள் எட்டுப் பத்துப் பேர் சேர்ந்தால் கோயம்புத்தூரில் மரத்தில் மாதிரி (பேட்டர்ன்) செய்து, எஸ்.ஜி. என்கிற உறுதியான வார்ப்பிரும்பில் ஊற்றி வாங்குவது இன்னும் மலிவு. சாதா வார்ப்பிரும்பு வேண்டாம், எஸ்.ஜி. என்று அழுத்திச் சொல்லுங்கள். அடி வாங்கினால் அது சட்டென்று உடையாது.

பேரிங்கைப் பற்றிக் கொஞ்சம். எண் கப்பிலும் கோனிலும் பொறித்திருக்கும், அதைத் துடைத்துப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். 302, 322 என்று தொடங்கும் எண்களில் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் மில்லிமீட்டரில் வரும். 07 என்றால் 35. கடைக்காரர் கொடுத்தது சரியா என்று நீங்களே பார்த்துவிடலாம். எல்.எம். என்று தொடங்கினால் அது அங்குலக் கணக்கு, அங்கே இந்தப் பெருக்கல் செல்லாது. கப் ஒரு கம்பெனி, கோன் ஒரு கம்பெனி என்று சேர்க்காதீர்கள். பெயர் பெற்ற கம்பெனிப் பெட்டியில் போலிச் சரக்கு நிறைய வருகிறது. பாதி விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். எஸ்.கே.எஃப். பேரிங்காக இருந்தால் அவர்களுடைய சரிபார்ப்புச் செயலியில் படம் அனுப்பி அசலா என்று கேட்டுவிடலாம். மற்ற கம்பெனிச் சரக்கை அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் பில் போட்டு வாங்குங்கள்.

மாட்டும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள். பெரும்பாலான தவறு அந்த அரை மணி நேரத்தில்தான் நடக்கிறது. உள்ளங்கையில் கிரீஸை வைத்து, கோனின் அகலமான பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் ரோலர்களுக்கு நடுவே கிரீஸ் புழு புழுவாகப் பிதுங்கி வரும்வரை ஏற்ற வேண்டும். மேலே பூசிவிட்டால் ரோலருக்கு அடியில் போகாது. ஹப்பின் நடுக் குழியில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், முழுக்க அடைத்தால் சூட்டில் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். லித்தியம் வகையில் வீல் பேரிங் கிரீஸாக வாங்குங்கள். பழைய கிரீஸை முழுக்கக் கழுவி எடுத்துவிட்டுப் புதியது வையுங்கள். ஒத்துப்போகாத வகைகள் சேர்ந்தால் இரண்டும் இளகித் தண்ணீராக ஓடிவிடலாம், நிறத்தை வைத்து வகையைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

நட்டை இறுக்கும்போது ஒரு கை ஹப்பைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றாமல் இறுக்கினால் ரோலர்கள் கோணலாக நின்றுவிடும், இறுக்கம் போதும் என்று நட்டு பொய் சொல்லும். சுற்றுவதற்குக் கை கனக்கிறது என்று தெரிகிறவரை இறுக்கி, பிறகு ஆறில் ஒரு சுற்றிலிருந்து கால் சுற்று வரை பின்னால் விட்டு, நட்டு கழலாமல் காக்கிற ஸ்பிளிட் பின்னின் ஓட்டை எங்கே நேராகிறதோ அங்கே நிறுத்துங்கள். பின் ஓட்டைக்காக இன்னும் கொஞ்சம் இறுக்குகிற பழக்கம் பல பேருக்கு உண்டு, அது தப்பு, விடுவதுதான் சரி. பழைய பின்னை நிமிர்த்திப் போடக் கூடாது. சக்கரத்தை மாட்டி, ஜாக்கியில் தூக்கி, மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினால் கைக்கு மிக மெல்லிய ஓர் அசைவு தெரியலாம், கண்ணுக்குத் தெரியக் கூடாது. ஐம்பது மணி நேரம் ஓடியதும் இதை ஒரு தடவை திரும்பப் பாருங்கள்.

உழவு முடிந்து கொட்டகையில் நிறுத்துகிற நாளன்று முன் ஹப் இரண்டையும் திறந்து, கழுவி, புதுக் கிரீஸ் வைத்துவிட்டு நிறுத்துங்கள். அந்தக் கறுப்புக் கோடுகள் சேற்றில் ஓடும்போது விழவில்லை, கொட்டகையில் நிற்கும்போது விழுந்தன. அரை நாள் வேலை, ஒரு கிலோ கிரீஸ். ரிப்பேரை மே மாதத்திலேயே முடித்துவிடுங்கள். ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்று செய்தி வந்துவிட்டால் லேத்காரர், மெக்கானிக் யாரும் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்கள், அவசரத்தில் மறுபடி பஞ்ச்தான் அடிப்பார்கள்.

விற்பதைப் பற்றி வீட்டில் சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு ஹப்புக்காக விற்காதீர்கள். இன்ஜினும் கியர் பாக்ஸும் நன்றாக இருக்கிற வண்டியை ஆடுகிற சக்கரத்தோடு விற்றால் வாங்குகிறவர் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார். ரிப்பேர் செய்து ஒரு சம்பா ஓட்டிப் பாருங்கள், அதன் பிறகும் தோன்றினால் நல்ல விலைக்கு விற்கலாம்.

லேத்துக்குப் போகும்போது ஹப்பை மட்டும் கொண்டு போகாதீர்கள். ஸ்டப் ஆக்ஸில், இரண்டு பழைய பேரிங், பழைய சீல், நட்டு, நட்டுக்குக் கீழே இருக்கிற வாஷர் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கொண்டு போங்கள். அந்த வாஷரில் உள்பக்கம் ஒரு சின்ன நாக்கு இருக்கும், அது ஆக்ஸிலில் வெட்டியிருக்கிற பள்ளத்தில் உட்காரும். கோன் நகரும்போது நட்டையும் சேர்த்துத் திருப்பிவிடாமல் காப்பது அதுதான். உங்கள் முதல் படத்தில் நட்டு இருக்கிறது, பின் இருக்கிறது, நாக்கு வாஷர் இல்லை. சாதா வாஷர் போட்டிருக்கிறார்கள். உங்கள் மெக்கானிக்கின் டப்பாவில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் லேத்காரரிடமே ஒன்று வெட்டித் தரச் சொல்லுங்கள்.